கர்ப்பிணிப் பதிவேட்டில் இடம்பெற வேண்டிய சில கேள்விகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் எடைக்குறைவு, ரத்தசோகை, அடிக்கடி வரும் சளியும் மூச்சிரைப்பும், பள்ளியில் கவனம் சிதறுவது ஆகியவற்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகளும் கட்டுரைகளும் வெளிவருகின்றன. இவை ஒவ்வொன்றும் தனிச் சிக்கலாகவே எழுதப்படுகின்றன. இவற்றைக் கவனிப்பவர்களும் வேறு வேறு இடங்களில் இருக்கிறார்கள். எடைக்கு அங்கன்வாடி, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மருந்து, மூச்சிரைப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையம், கவனச் சிதறலுக்குப் பள்ளி ஆசிரியர் என்று பிரித்துக்கொண்டுவிட்டோம். ஆனால் ஒரு குழந்தை கருவில் இருக்கும்போதும், பிறந்து முதல் சில ஆண்டுகளிலும் அதன் உடலுக்குள் போகும் காற்றும் நீரும், அது தவழும் தரையில் படிந்திருக்கும் தூசியும் இந்த நான்கையுமே ஒருசேரப் பாதிக்கக்கூடியவை. நான் பணியில் இருந்த காலத்தில் கையாண்ட தாய்சேய் நலப் பதிவேடுகளில் அந்தக் காற்றையும் நீரையும் தூசியையும் பற்றி ஒரு கேள்வியும் இருந்ததில்லை. அந்தக் கேள்விகளை முறையாகச் சேர்க்க வேண்டும், வரும் பதில்களின் மேல் நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கிராம சுகாதார செவிலியராகவும் பின்னர் சமுதாய சுகாதார செவிலியராகவும் விழுப்புரம் மாவட்டத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்கள், அரசின் தாய்சேய் நலப் பதிவுத் தளமான பிக்மி இணையதளத்தில் பதிவு செய்யப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்படுகிறது. குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யவும் அந்த எண் கேட்கப்படுகிறது. கர்ப்பம் முதல் தடுப்பூசி வரை ஒரே தொடராகப் பின்பற்றும் இந்த ஏற்பாட்டை நான் பெருமையோடுதான் நினைவுகூர்கிறேன். கடைசி மாதவிடாய்த் தேதி, ரத்தப் பிரிவு, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, ஸ்கேன், தடுப்பூசி என்று ஒன்றுவிடாமல் எழுதுவோம். ஒரு வீட்டில், தாழ்ந்த கூரைக்குக் கீழே சீமைக்கருவேல விறகு எரிந்துகொண்டிருக்க, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் ஊதாங்குழலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினார். ரத்த அழுத்தம் பார்த்து முடிப்பதற்குள் என் கண்களில் நீர் வழிந்துவிட்டது. அவருடைய கண்கள் வெகுநாளாகவே சிவந்திருந்தன. அழுத்தத்தையும் எடையையும் அட்டையில் எழுதினேன். புகையை எழுத அதில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் அட்டையைப் பார்த்த மருத்துவ அலுவலருக்கும் அந்தப் புகை தெரிய வழியில்லை.

சிறு வயதில் உடலில் சேரும் மாசு பெரியவர்களுக்குச் செய்வதைவிடக் கூடுதலாகக் கேடு செய்வதற்குக் காரணங்கள் தெளிவாகவே இருக்கின்றன. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. பெரியவர் 12 முதல் 20 முறை. உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், குழந்தை இழுக்கும் காற்றும் குடிக்கும் நீரும் உண்ணும் உணவும் நம்முடையதைவிட மிக அதிகம். நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகே, அதிலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் உருவாகின்றன. மூளையில் நரம்பிணைப்புகள் மிக வேகமாகப் பெருகுவதும் அந்த ஆண்டுகளில்தான். ஈரலும் சிறுநீரகமும் நச்சுப்பொருளைச் சிதைத்து வெளியேற்றும் திறனை அப்போது முழுமையாகப் பெற்றிருப்பதில்லை. தவழும் குழந்தையின் மூக்கு தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. கை நொடிக்கொரு தரம் வாய்க்குப் போகிறது. வளர்ந்து முடிந்த உறுப்புக்கு நேரும் கேட்டைவிட, உருவாகிக்கொண்டிருக்கும் உறுப்புக்கு நேரும் கேடு ஆழமாகப் பதிந்து வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது.

இதற்குக் கண்ணெதிரே இருக்கும் சான்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு தலைமுறையின் பற்கள். அங்குள்ள பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாத அந்த உப்பு, பல ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகளில் அந்த அளவைத் தாண்டியிருந்தது. நிரந்தரப் பற்களின் மேற்பூச்சு, பல் முளைப்பதற்கு வெகு முன்பே ஈறுக்குள், ஏறக்குறைய பிறந்ததிலிருந்து எட்டு வயது வரையிலான காலத்தில் உருவாகிறது. அந்த ஆண்டுகளில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்கு, ஏழெட்டு வயதில் முளைத்து வரும் முன்பற்களே பழுப்புக் கறையோடு வருகின்றன. வளர்ந்த பிறகு அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அதே தண்ணீரைக் குடிக்கும் பெண்ணுக்கு எலும்பும் மூட்டும் பாதிக்கப்படலாம், பல் கறைபடுவதில்லை. அந்த ஊரில் பிறந்து, பத்து வயதில் வேறு ஊருக்குப் போய்விட்ட பிள்ளையோ அந்தக் கறையைத் தன்னோடு கொண்டுபோகிறது. பெண் பார்க்க வரும் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு பேசிய பெண்களை அப்பகுதியினர் எல்லோரும் அறிவார்கள். பற்களில் கறை தெரிந்தது, தண்ணீரை அளந்தார்கள், காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு கேட்டின் மூலகாரணம் தெரிந்தால் அதைச் சரிசெய்யும் ஆற்றல் இந்த மாநிலத்துக்கு உண்டு என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

எனக்குள்ள கவலையெல்லாம், கறையாக வெளியே தெரியாதவற்றைப் பற்றித்தான். அவற்றுள் முதன்மையானது, ஆங்கிலத்தில் லெட் எனப்படும் காரீயம்.

காரீயத்துக்கு மணம் இல்லை. சிறிய அளவில் உடலில் சேரும்போது அதற்கென்று தனியான அறிகுறியும் இல்லை. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குடலிலிருந்து ரத்தத்துக்குள் நுழையும் வழிகளிலேயே அதுவும் நுழைகிறது. ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனாலும், பெரியவரின் உடல் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் உறிஞ்சக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உள்ளே போனதில் பெரும்பகுதி எலும்பில் தங்கி, ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. பெண் கருவுற்றதும், கருவின் எலும்பு வளர்ச்சிக்காகத் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரையும்போது, அவள் தன் சிறுவயதில் வாங்கிய காரீயமும் சேர்ந்து கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்கும் போகிறது. இன்று ஒரு சிறுமி தவழும் தரையில் இருக்கும் தூசி, இருபது ஆண்டுகள் கழித்து அவள் பெறப்போகும் குழந்தையையும் தொடக்கூடும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

அறிவுத்திறன் குறைவது, கவனம் நிலைக்காதது, முன்கோபம், உயரம் குறைவது, ரத்தசோகை, பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று காரீயம் தொடாத உறுப்பு இல்லை. ஹீமோகுளோபின் உருவாகும் வேதிவினையையே அது தடுக்கிறது. இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடலோ காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. அதனால் ரத்தசோகையும் காரீயமும் ஒன்றையொன்று வளர்த்துக்கொள்கின்றன. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. இதற்கு உணவும் குடற்புழுவும் பெரும் காரணங்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் தேறாத குழந்தைக்குக் காரீயம் ஒரு காரணமாக இருந்தால், அதை ஹீமோகுளோபின் சோதனை காட்டிக்கொடுக்காது.

பாதுகாப்பான அளவு என்று காரீயத்துக்கு ஒன்றும் இல்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு. இந்த முடிவுக்கு வந்து சேர்ந்த பாதையும் கவனிக்கத் தக்கது. 1960-களில் அமெரிக்காவில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, 60 மைக்ரோகிராம் இருந்தால்தான் கவலைப்பட்டார்கள். 1991-இல் அது 10 ஆயிற்று, 2012-இல் 5, 2021-இல் 3.5. ஒவ்வொரு முறையும், அதுவரை தீங்கில்லை என்று கருதப்பட்ட அளவிலேயே தீங்கு இருப்பதைக் குழந்தைகள் மீதான ஆய்வுகள் காட்டின. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ரத்தத்தில் காரீயத்தின் சராசரி அளவு 11.4 மைக்ரோகிராமாக இருந்தது. அளவு கூடக்கூடப் பதற்றமும் கவனக்குறைவும் மிகுந்திருந்ததை அவர்களுடைய ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகள் காட்டின. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் காரீயம் இருப்பதாக 2020-இல் யுனிசெஃப் அறிக்கை மதிப்பிட்டது. அவர்களில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள்.

பெட்ரோலில் காரீயம் கலப்பது இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வெளியிடப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவை பெரிய நன்மைகள். ஆயினும் அதற்கு முன்பு பூசிய பெயின்ட், பழைய கதவிலும் ஜன்னல் கம்பியிலும் பள்ளி ஊஞ்சலிலும் உரிந்து உதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதைத் தேய்த்துவிட்டுப் புதுப் பெயின்ட் அடிக்கும் அன்று வீடு முழுவதும் தூசி பரவுகிறது. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளை உருக்கும் சிறு பட்டறைகள் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே இயங்குவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் புறநகர் ஒன்றில், பழைய பேட்டரிக் காரீயம் கலந்த மண்ணை வீடுகளுக்குக் கொண்டுவந்து சலித்துப் பிரித்ததால், 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலுமாக 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த மண்ணைச் சலித்தவர்கள் பிழைப்புக்கு வேறு வழி தேடிய பெண்கள். கடலோர ஊர்களில் வீச்சு வலையின் ஓரத்தில் கோக்கும் ஈயக்குண்டுகளை வீட்டு முற்றத்தில் உருக்கி வார்ப்பவர்களுக்கும், சமையலறையில் இருக்கும் ஈயச்சொம்பு முழுக்க வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா என்று தெரியாமல் அதில் ரசம் வைப்பவர்களுக்கும் இந்த ஆபத்தைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மஞ்சளுக்கு நிறம் கூட்டக் காரீயக் குரோமேட் கலக்கும் கேடும் தெற்காசியாவில் உண்டு. வங்கதேசத்தில் 2019-இல் இது வெளியே தெரிந்ததும் அரசு சோதனைகள் நடத்தி, தண்டம் விதித்து, மக்களுக்கும் எச்சரிக்கை செய்தது. 2021-இல் கடைகளில் எடுத்த மாதிரிகளில் அந்தக் கலப்படம் காணப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றம் எனக்கு மிகுந்த நம்பிக்கை அளிக்கிறது.

பணிக்காலத்தில் நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்காரர் பேட்டரிப் பட்டறையில் வேலை செய்பவர். ஒண்ணரை வயதுப் பெண் குழந்தைக்கு இரும்புச்சத்து மருந்து விடாமல் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை. தாய் பொறுப்பானவர், கீரையும் முட்டையும் கொடுத்துக்கொண்டிருந்தார். சேலையில் கட்டிய தூளிக்குப் பக்கத்துக் கொடியில், கணவரின் சாம்பல் நிறம் படிந்த வேலைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் குழந்தையின் துணிகளோடு ஒரே வாளியில்தான் ஊறவைப்பதாகச் சொன்னார். காரணம் அந்தச் சட்டைதான் என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல வேண்டுமானால் ரத்தத்தில் காரீயத்தை அளந்திருக்க வேண்டும். எங்கள் சுகாதார நிலையத்தில் அந்த வசதியும் இல்லை. அனுப்பிவைக்க ஓர் ஏற்பாடும் இல்லை. வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து உடை மாற்றி வரும்படியும், வேலைத் துணியைத் தனியே துவைக்கும்படியும் சொல்லிவிட்டு வந்தேன். பட்டறையில் குளிக்க இடமே கிடையாது என்று அவர் கணவர் பிறகு சொன்னார்.

அடுத்தது புகை. ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டின் நகர்ப்புறத்திலும் கிராமப்புறத்திலுமாக 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2018-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். காற்றில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளின் அளவு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது, பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைவதாகவும், எடைக்குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு 2 விழுக்காடு கூடுவதாகவும் அவர்கள் கண்டார்கள். 4 கிராம் பெரிய அளவா என்று கேட்கத் தோன்றும். விறகடுப்பு எரியும் சமையலறையில் இந்தத் துகளின் அளவு சமைக்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கில் ஏறுகிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

இங்கே, என் கோரிக்கைக்கு எதிராகச் சிலர் காட்டக்கூடிய ஓர் ஆய்வையும் நானே எடுத்துச் சொல்வதுதான் முறை. இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஹேபின் என்ற பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடங்கள் நமது விழுப்புரமும் நாகப்பட்டினமும்தான். பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் 18 மாதங்களுக்கு எரிவாயுவும் இலவசமாகத் தரப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகள் சுமார் 70 மைக்ரோகிராமிலிருந்து 24 அளவுக்கு இறங்கியது. ஆனால் 2022-இல் முடிவு வெளியானபோது, குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை: கேஸ் வீடுகளில் சராசரி 2,921 கிராம், விறகு வீடுகளில் 2,898 கிராம். முதல் ஆண்டில் கடும் நிமோனியாவிலும் வளர்ச்சிக் குறைபாட்டிலும்கூட எதிர்பார்த்த முன்னேற்றம் தெரியவில்லை. இந்த முடிவை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. அதே நேரத்தில் இதை வைத்து, புகையால் கேடில்லை என்று முடிவு கட்டுவதும் சரியாகாது. பெண்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டதே கர்ப்பத்தின் 9 முதல் 20 வாரங்களுக்குள்; அடுப்பு வந்தது அதற்குப் பிறகுதான். நஞ்சுக்கொடி அமையும் முதல் வாரங்கள் அதற்குள் கடந்துவிட்டன. குறைந்த பிறகும் இருந்த 24 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஆண்டுச் சராசரிக்கு வகுத்த 5 மைக்ரோகிராமைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஒரு வீட்டின் அடுப்பை மாற்றினாலும் பக்கத்து வீட்டுப் புகையும், தெருமுனையில் எரியும் குப்பையும், செங்கல் சூளையும் அந்தப் பெண்ணை விடுவதில்லை. எனவே இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: மாற்றம் கருவுறுவதற்கு முன்பே தொடங்க வேண்டும், தெரு முழுவதற்கும் சேர்த்து நடக்க வேண்டும். அதற்கு எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்தப் புகை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கேஸ் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டு ஆம் என்று குறித்துக்கொள்வது போதாது. சிலிண்டர் விலைக்கு அஞ்சி, டீ போட மட்டும் கேஸும், சோறு வடிக்கவும் வெந்நீர் காய்ச்சவும் விறகுமாக வைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

பிரசவம் முடிந்து வரும் வீட்டில் நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் சிலவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பாட்டி கால்களை நீட்டிப் படுக்கவைத்து, தலை ஈரம் காயச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வீடுகளில் பாசத்தோடு செய்யும் காரியம். பிறந்து சில நாளே ஆன நுரையீரலுக்கு அது விறகுப் புகைக்குச் சற்றும் குறைந்ததன்று. மெல்லிய துணியால் ஒற்றியே தலையை உலர்த்திவிடலாம் என்று நான் சொன்னபோது, பெரும்பாலான பாட்டிமார் கோபித்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டார்கள், காரணம் சொன்னதும் ஏற்றுக்கொண்டார்கள். மூடிய அறையில் விடிய விடிய எரியும் கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலையும், தொட்டிலுக்குப் பக்கத்தில் பீடி பிடிக்கும் தாத்தாவைத் திண்ணைக்கு அனுப்புவதும்கூட இப்படிச் சொல்லிப் புரியவைக்கக் கூடியவைதாம்.

தொடக்க காலக் கேடு எவ்வளவு தாமதமாக வெளிப்படும் என்பதற்கு, சிலி நாட்டின் அந்தோஃபகாஸ்தா நகரத்தைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன். 1958 முதல் 1970 வரை அந்த நகரத்தின் குடிநீரில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருந்தது. இன்று ஏற்கத்தக்க அளவு 10. பிறகு சுத்திகரிப்பு நிலையம் அமைத்து அதைக் குறைத்தார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் கருவிலும் மழலையிலும் இருந்தவர்கள், 30 முதல் 49 வயதை எட்டியபோது நுரையீரல் புற்றுநோயால் இறந்தது, நாட்டின் மற்றப் பகுதியினரைப்போல ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்ததை 2006-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குடித்தது தண்ணீர், கெட்டது நுரையீரல், இடையில் ஓடியவை முப்பது ஆண்டுகளுக்கு மேல். தெற்குக் கலிஃபோர்னியாவிலோ இதற்கு நேர்மாறான நற்செய்தி கிடைத்தது. காற்று மாசைக் குறைக்கக் கடும் விதிகள் வகுத்து நிறைவேற்றிய அப்பகுதியில், 15 வயதில் நுரையீரல் திறன் மிகக் குறைந்து காணப்பட்ட பிள்ளைகளின் பங்கு, 1994-98 காலத்தில் வளர்ந்தவர்களிடம் 7.9 விழுக்காடாக இருந்தது, 2007-11 காலத்தில் வளர்ந்தவர்களிடம் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மருந்து எதுவும் கொடுத்து இது நடக்கவில்லை. காற்று சுத்தமானதால் நடந்தது.

ஆகவே அரசிடம் நான் வேண்டுவது இது. பிக்மி பதிவிலும் குழந்தையின் தொடர் பதிவிலும் சில கேள்விகளைச் சேர்க்க வேண்டும். அன்றாடம் எதில் சமைக்கிறீர்கள், வெந்நீர் எதில் காய்ச்சுகிறீர்கள், குடிநீர் எங்கிருந்து வருகிறது, வீட்டில் யாராவது பேட்டரி, பெயின்ட், உலோகம் உருக்கும் வேலை, பூச்சிமருந்து தெளிக்கும் வேலை செய்கிறார்களா, வீட்டுக்கு அருகில் குப்பை எரிக்கப்படுகிறதா, சூளையோ பட்டறையோ இருக்கிறதா, பழைய பெயின்ட் உதிர்கிறதா என்பவை போதும். அனுபவமுள்ள செவிலியர், பேசிக்கொண்டே இவற்றைக் கேட்டு முடித்துவிடுவார். பாதிக்கு மேல் கேட்காமலே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார். பதில் ஆபத்தைக் காட்டும் வீடுகளில் தாய்க்கும் குழந்தைக்கும் ரத்தத்தில் காரீயம் பார்க்க வேண்டும். விரல் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் அளவைச் சொல்லும் சிறு கருவிகள் உண்டு; அதிகமாகக் காட்டினால் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்ளலாம். இது புதுமையும் அன்று. 1998-99-இல் நடந்த இரண்டாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பிலேயே டெல்லியிலும் மும்பையிலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்யப்பட்டது. பேச்சும் நடையும் தாமதப்பட்டு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு வரும் குழந்தைகளுக்கும், மருந்து கொடுத்தும் ரத்தசோகை தீராத குழந்தைகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கலாம்.

ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்து நீக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. உடலிலிருந்து காரீயத்தைப் பிரித்தெடுக்கும் மருந்து பொதுவாக 45 மைக்ரோகிராமை எட்டிய குழந்தைகளுக்குத்தான். அதற்குக் கீழே உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிகிச்சை என்பது மூலத்தை அகற்றுவதும், இரும்பும் சுண்ணாம்பும் மிகுந்த உணவு தருவதும்தான். அதனால்தான் இது மருத்துவமனைக்குள் மட்டும் முடியும் வேலை ஆகாது. ஒரே தெருவில் மூன்று நான்கு பதிவுகள் ஒரே பட்டறையைச் சுட்டினால், அந்தத் தகவல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் தானாகப் போய்ச் சேர வேண்டும். அவர்கள் எடுத்த நடவடிக்கை, தகவல் அனுப்பிய சுகாதார நிலையத்துக்குத் திரும்பி வர வேண்டும். பட்டறை உரிமையாளரைக் கொண்டு தொழிலாளர்களுக்குக் குளியலறையும் மாற்றுடையும் ஏற்படுத்தச் செய்வது தொழிற்சாலை ஆய்வாளரால் முடியும், செவிலியரால் முடியாது.

களப் பணியாளர்களுக்கு ஏற்கெனவே வேலைச்சுமை அதிகம் என்ற ஆட்சேபம் எழும். அந்தச் சுமையைச் சுமந்தவள் என்ற முறையில் அதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஒரே விவரத்தை மூன்று பதிவேடுகளில் எழுதவைக்கும் வழக்கத்தை நிறுத்தினாலே இந்தக் கேள்விகளுக்கு நேரம் கிடைக்கும். ஆனால் பதிலை எழுதி வாங்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதாக இருந்தால், கேட்காமல் இருப்பதே மேல். ஒரு முறை ஏமாந்த தாய் மறுமுறை உண்மையைச் சொல்ல மாட்டார்.

தாய்மார்களை அச்சுறுத்தும் வேலையாக இது முடியக் கூடாது என்பதும் என் வேண்டுகோள். விறகடுப்பு வைத்திருப்பவர் விரும்பி வைத்திருக்கவில்லை. பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் வாடகை குறைவு என்பதால் குடியிருக்கிறார். குழந்தை பின்தங்கினால் தாயைக் குறை சொல்லும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. பதிவேட்டில் எழுதப்படும் ஒரு பதில் அவள் மேல் சுமத்தப்படும் இன்னொரு பழியாகிவிடக் கூடாது. செவிலியர்களுக்குத் தரும் பயிற்சியில் முதல் பாடமாக இதைத்தான் வைக்க வேண்டும்.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பேட்டரிப் பட்டறைகள் மிகுந்த ஒரு நகர்ப்புற மண்டலம், விறகடுப்பு மிகுந்த ஓர் ஊரக வட்டாரம், நிலத்தடி நீரில் கேடுள்ள ஒரு வட்டாரம் என மூன்று இடங்களில் ஓராண்டுக்கு முதலில் நடத்திப் பார்க்கலாம். மக்கள் நல்வாழ்வுத் துறையும், சுற்றுச்சூழல் துறையும், குழந்தை வளர்ச்சித் திட்டத்தை நடத்தும் சமூக நலத் துறையும் ஒன்றாக அமர்ந்து இதற்கான படிவத்தை வகுக்க வேண்டும். அந்த அமர்வில் களத்தில் இன்று பணியாற்றும் கிராம சுகாதார செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் இடம்பெற வேண்டும். ஓராண்டில் கிடைக்கும் முடிவுகளைத் தனிநபர் விவரம் நீக்கி மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமுதாய சுகாதார செவிலியர்,
விழுப்புரம் மாவட்டம்.